பழைய தமிழ் நிரல் புதிய கணினியில் ஓடுமா?

மனிதன் செய்த கருவிகளுள் எழுத்தைக் காப்பதற்கென்று செய்யப்பட்டவை ஒரு தனி வகையாகும். மண்வெட்டி தேய்ந்துபோனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பழைய மண்வெட்டி வெட்டிய வாய்க்கால் அதனால் தூர்ந்து போய்விடாது. ஓலையில் எழுதியவனுடைய எழுத்தாணி காணாமற் போனாலும் ஓலையைப் படிக்கலாம். அச்சுக்கூடம் மூடப்பட்டாலும் அதில் அச்சிட்ட தாளைப் படிக்கலாம். ஆனால் கணினியில் எழுதப்பட்டதைப் படிக்க வேண்டுமாயின், அதை எழுதிய நிரலோ, அந்நிரலின் முறையை அறிந்த வேறொரு நிரலோ இருந்தே தீர வேண்டும். அஃது இல்லாதவிடத்து எழுத்து இருந்தும் இல்லாததேயாகும்.

இவ்விஷயத்தை இப்பொழுது எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் அளித்து வந்த பொது ஆதரவு முடிவுற்றது. இதனையொட்டிப் பழைய கணினிகளைக் கழித்துவிட்டுப் புதியன வாங்க வேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்து அறையின் மூலையிலும், கோயில் ஆபீசு அலமாரியிலும், சங்கச் செயலாளர் வீட்டுக் கட்டிலின் கீழும் கிடக்கும் பழைய பெட்டி, பழைய இரும்பு வாங்குவோர் கைக்குப் போகுமுன் அதனுள் என்ன இருக்கிறது என்று கேட்பாரும் சிலரே. அவ்வாறு கேட்க வேண்டியதன் அவசியத்தைச் சரித்திரத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

போர்டிக்சன் வட்டாரத்து வாசகர்களுக்கு இஃது அயலார் விஷயமன்று. 1891-ம் ஆண்டில் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை போடப்பட்டது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் பெருகின. சுவா பெத்தோங், தானா மேரா, பிராட்வால், சுங்காலா, அதர்ட்டன் முதலிய தோட்டங்களின் பெயர்கள் இன்று தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களிலும் நின்று நிலவுகின்றன. தோட்டம் என்பது நம் மக்களுக்கு வேலை கொடுத்த இடம் மாத்திரமன்று. அதுவே ஊர், அதுவே உறவு. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்தது. லயன்கள் இடிக்கப்பட்டன, ஜனங்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தனர். 1957-ம் ஆண்டில் இந்நாட்டில் 888-ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 530 என்ற அளவில் நிற்கின்றன.

ஊர் கலைந்தபோது ஊரின் பேரேடு எங்கே போயிற்று? பள்ளி ஆண்டு மலர், கோயிற் குடமுழுக்கு மலர், நன்கொடையாளர் பட்டியல், மரண சகாய நிதிக் கணக்கு, இளைஞர் மன்றக் கூட்டக் குறிப்பு ஆகிய இவையே தோட்டத் தமிழனுடைய சரித்திர ஆதாரங்கள். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. துரைமார்களுக்குக் கம்பெனி ரிக்கார்டு உண்டு. பால்மரம் வெட்டியவனுக்கு இவையன்றி வேறில்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து 2000-களின் முற்பகுதி வரையில் இத்தகைய ஏடுகள் மெல்ல மெல்லக் கையெழுத்தை விட்டுக் கணினிக்கு ஏறின. அன்றைய தமிழ் நிரல்களிலும் அன்றைய எழுத்துருக்களிலும் அவை தட்டெழுதப்பட்டன. அச்சிட்ட பிரதி கறையானுக்கு இரையானவிடத்து, அந்தக் கணினிக் கோப்பு ஒன்றே எஞ்சிய சான்றாயிருக்கக்கூடும்.

கண்ணும் கைவிரலும்

பழையதைப் புதியதில் நடத்திக் காட்டும் பிரச்சினை கணினியோடு பிறந்ததன்று. 1935-ம் ஆண்டு ஜனவரியில் பெரியார் தமது குடி அரசுப் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள், மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் ஐகாரக் குறியும் பெற்று எழுதப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அச்சுக்கோப்பவனுடைய அறைகள் குறையும், குழந்தை கற்க வேண்டிய வடிவங்கள் குறையும் என்பது நியாயம். பண்டிதர்கள் பலர் எதிர்த்தனர். 1978-ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் அச்சீர்திருத்தத்தை ஏற்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அவ்வழியே சென்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சீர்திருத்தம் வந்த மறுநாள் எவரும் குருடராகிவிடவில்லை. பழைய எழுத்துக் கற்றவர் புதியதைப் படித்தார். புதியது கற்ற பிள்ளையும், துதிக்கைபோல் வளைந்த பழைய ஐகாரத்தைக் கண்டு சற்றுத் திகைத்தாலும், முன்பின் சொற்களைக் கொண்டு ஊகித்துக்கொண்டது. மனிதனுடைய கண் பொருளைத் தேடிச் செல்லும் இயல்பினது. இயந்திரத்துக்கோ ஊகம் கிடையாது. அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட எண் மாறிவிட்டால் எல்லாம் மாறிவிடும்.

கைவிரலின் கதையும் இதனோடு சேர்ந்ததே. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த இரா. முத்தையா என்பவர் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். அவருடைய முறைப்படி ஜெர்மனியில் பொறிகள் செய்யப்பட்டன. அப்பொறியில் பழகிய விரல்கள் கணினி வந்தபோது புது முறையைக் கற்க மறுத்தன. ஆகவே கணினி நிரல் செய்தவர்கள் தட்டெழுத்துப் பொறியின் விசை வரிசையைக் கணினிக்குள்ளும் வைத்துக் கொடுத்தார்கள். பொறி போய்விட்டது, விரலின் பழக்கம் புதிய மேடையில் ஓடிற்று. பழைய நிரலைப் புதிய கணினியில் ஓட்டுவது என்பதன் தத்துவம் இதுவே: புதிய இடம் பழைய இடத்தைப்போல் நடந்துகொள்ளும்படி செய்வது.

துரை மாறினால் கிராணி என்ன செய்வார்?

கணினியின் உள்ளமைப்பைத் தோட்டத்தின் உவமையால் எளிதில் விளக்கலாம். நிலமும் மரமும் போன்றது கணினியின் இரும்புப் பகுதி. ஆபீசு நிர்வாகம் போன்றது இயக்குதளம். வேலைக்காரன் போன்றது நிரல். வேலைக்காரன் கத்தி வேண்டுமென்றாலும் வாளி வேண்டுமென்றாலும் ஆபீசின் வழக்கப்படி கேட்டே பெற வேண்டும். நிரலும் அவ்வாறே திரையில் எழுதவும், வட்டில் சேமிக்கவும், அச்சுப்பொறியை ஏவவும் இயக்குதளத்தை அதற்குரிய முறைப்படி கேட்கிறது. நிர்வாகம் மாறிப் புது வழக்கம் வந்ததும் பழைய வேலைக்காரனுடைய பேச்சு ஆபீசுக்கு விளங்குவதில்லை. அங்கே ஒரு கிராணி இருந்து, இவன் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவனுக்கும் சொன்னால் வேலை நடக்கும். 1993-ம் ஆண்டில் லினக்ஸ் இயக்குதளத்துக்காகத் தொடங்கப்பட்ட வைன் என்னும் நிரல் இத்தகைய கிராணியே. அது விண்டோஸ் நிரல்களின் கேள்விகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது.

சில சமயம் நிர்வாகம் மாத்திரமன்று, நிலமே மாறிவிடுகிறது. அப்பொழுது கிராணி போதாது. புதிய நிலத்துக்குள்ளே பழைய தோட்டம் முழுவதையும் கற்பனையாகக் கட்டி, பழைய வேலைக்காரனை அதில் விட வேண்டும். இதற்கு மாதிரிப்பொறி என்றும் மெய்நிகர்க் கணினி என்றும் பெயர். உள்ளேயிருக்கும் நிரல் தான் பழைய கணினியிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு வேலை செய்யும். இது சாமியாட்டம் அன்று. செத்த ஆவி புதிய உடம்பில் இறங்குவதும் அன்று. ஒவ்வொரு கட்டளைக்கும் பழைய பொறி என்ன செய்திருக்குமோ அதைக் கணக்கிட்டுச் செய்யும் காரண காரிய வேலையேயாகும்.

இவ்வேலையைப் பெரிய அளவில் முதலில் வியாபாரமாக்கியவர்களுள் ஐ.பி.எம். கம்பெனியார் முக்கியமானவர்கள். 1959-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட 1401 என்னும் கணினி ஆயிரக்கணக்கான ஆபீசுகளில் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் போட்டு வந்தது. 1964-ம் ஆண்டு ஏப்ரலில் அவர்கள் சிஸ்டம் 360 என்ற புதிய குடும்பத்தை அறிவித்தபோது, வாடிக்கைக்காரர் கேட்ட முதற் கேள்வி, எங்கள் பழைய நிரல்கள் என்னாவது என்பதே. புதிய பொறியின் சிறிய மாதிரிகளுக்குள் 1401-ன் நடத்தையைப் புகுத்திக் கொடுத்தே கம்பெனியார் அவர்களைப் புதியதற்கு அழைத்துச் சென்றனர். பழையதைக் கைவிடாதவரே புதியதை விற்க முடியும் என்பது வியாபாரம் அன்றே கற்ற பாடம்.

மைக்ரோசாப்ட் கம்பெனியாரும் அப்பாடத்தைக் கற்றனர். 1995-ம் ஆண்டில் விண்டோஸ் 95 வந்தபோது, அதற்கு முன்னிருந்த டாஸ் நிரல்களும் பழைய விண்டோஸ் நிரல்களும் அதில் ஓடும்படி பெருமுயற்சி செய்தனர். விளையாட்டு நிரல் ஒன்று தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மீண்டும் தொடும் பிழையோடு இருந்தது. அந்நிரல் ஓடும்போது மாத்திரம் நினைவகத்தை வேறு விதமாக நடத்தும்படி இயக்குதளத்திலேயே தனி ஏற்பாடு செய்தார்கள். 2009-ம் ஆண்டில் விண்டோஸ் 7 வந்தபோதும், எக்ஸ்பி இயக்குதளத்தை அதன் உயர்ந்த பதிப்புகளுக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியாக ஓட்டும் வசதியைக் கொடுத்தார்கள்.

ஆனால் கம்பெனிகளின் கருணைக்குத் தவணை உண்டு. ஆப்பிள் கம்பெனியார் 2006-ம் ஆண்டில் செயலியை மாற்றியபோது பழைய நிரல்களுக்கு மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று தந்தனர். 2011-ல் வந்த இயக்குதளத்தில் அதை எடுத்துவிட்டனர். 2019-ல் 32 பிட் நிரல்கள் அனைத்தையும் நிறுத்தினர். விண்டோஸிலும் 64 பிட் பதிப்புகளில் 16 பிட் நிரல்கள் ஓடுவதில்லை. பிட் என்னும் இக்கணக்கு, செயலி ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அகலத்தைக் குறிப்பது. செயலி 64 பிட் முறையில் இருக்கும்போது, ஆதியிலிருந்த 8086 செயலியைப் போல் நடித்துக் காட்டும் வசதி அதற்குக் கிடைப்பதில்லை. விண்டோஸ் 10-க்கு 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது. டாஸ் காலத்து நிரல்களை ஓட்டும் வசதி அதில் மிஞ்சியிருந்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 2025-ம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது ஓர் இயக்குதளத்தின் ஆதரவு மாத்திரமன்று. டாஸ் காலத்து நிரல்களுக்கு விண்டோஸ் வீட்டில் திறந்திருந்த கடைசி வாசலும் அன்றே சாத்தப்பட்டது.

தமிழ் கணினி ஏறிய கதை

நிற்க. தமிழ் நிரல்களின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். 1984-ம் ஆண்டளவில் கனடாவிலிருந்த சீனிவாசன் என்பவர் ஆதமி என்னும் தமிழ் எழுதும் நிரலை டாஸ் கணினிக்குச் செய்தார். 1985-ம் ஆண்டில் நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் முரசு என்னும் நிரலை ஆக்கினார். அதுவே பின்னர் முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளிலும் பரவிற்று. சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவைச் செய்து கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-ம் ஆண்டில் இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டினார். அரசாங்கங்கள் உறங்கிக்கொண்டிருந்த காலத்தில், தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழர் சிலர் தம் சொந்த முயற்சியால் இவ்வளவும் செய்தனர் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

எனினும் அக்காலத்து முறையில் ஓர் அடிப்படைச் சங்கடம் இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுத்துக்கு 256 இடங்களே உண்டு. முதற் பாதி ஆங்கிலத்துக்கென்று பட்டா செய்யப்பட்டது. தமிழுக்கோ 247 எழுத்துகள். ஆதலின் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியபடி எழுத்துத் துண்டுகளை அடுக்கினர். ஈழத்தவரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. தமிழ் என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினிக்குள் கிடக்கும். பாமினி இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளே. ஒரு நிரலில் எழுதிய கடிதத்தை வேறு நிரலில் திறந்தால் பில்லி சூனியம் வைத்த தகடுபோல் தோன்றிற்று.

இக்குழப்பத்தை ஒழிக்க முயற்சிகள் நடந்தன. 1997-ல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999-ல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் இரு குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. இணையத்து ஆர்வலர்கள் கூடி டிஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். 2000-ல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் சிங்கப்பூரில் தோன்றிற்று. 2001-ல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. இதற்கிடையில் 1991-ம் ஆண்டிலேயே யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் 2000-ம் ஆண்டில் விண்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவோடு வந்த பிறகே சாதாரண விண்டோஸ் கணினிகளில் யூனிகோடுத் தமிழ் நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று. 2010-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடைத் தன் நியமமாக அறிவித்தது. அது பயன்படாத இடங்களுக்கு மாத்திரம் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியீட்டை அனுமதித்தது.

நிரல் செய்தவர்களும் காலத்தோடு நடந்தனர். முரசு அஞ்சல் யூனிகோடுக்கு மாறிற்று. அதன் விசைப்பலகை முறை இன்று ஆப்பிள் கருவிகளுள்ளேயே அமைந்திருக்கிறது. இணையத்தில் 1998-ம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், பழந்தமிழ் நூல்களை முதலில் மயிலையிலும் பின்னர் டிஸ்கியிலும் வைத்திருந்து, பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றினார்கள். நூலைக் காக்க வேண்டுமாயின் தலைமுறைக்கொரு முறை அதைப் பெயர்த்து நட வேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். ஏட்டுச் சுவடியைப் படியெடுத்த நம் முன்னோர் செய்ததும் இதுவே.

ஓடாமைக்குக் காரணங்கள்

பழைய தமிழ் நிரல் புதிய கணினியில் ஓடாமைக்குக் காரணங்கள் நான்கு. முதலாவது, மேலே சொன்ன பிட் கணக்கு. இரண்டாவது, விசைப்பலகையை இடைமறித்துத் தமிழாக்குவதற்கு அக்காலத்து நிரல்கள் இயக்குதளத்தின் உள்ளறைவரை கைவிட்டன. இன்றைய இயக்குதளங்கள் பாதுகாப்பை முன்னிட்டு அதைத் தடுக்கின்றன. மூன்றாவது, திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சில நிரல்கள் கணினியின் பின்புறத்து அச்சுப்பொறி வாயிலில் செருகும் பூட்டுக்கட்டையோடு விற்கப்பட்டன. புதிய கணினியில் அவ்வாயிலே இல்லை. நான்காவது, நிரல் இருக்கும் நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியும் இல்லை. பெருமளவில் நெகிழ்வட்டுச் செய்து வந்த சோனி கம்பெனியாரும் 2011-ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டனர்.

சிலர், நிரல் எதற்கு, பழைய எழுத்துருவை மாத்திரம் புதிய கணினியில் ஏற்றினால் எழுத்துத் தெரிகிறதே என்பர். தெரிவது உண்மையே, அது முழு உண்மையன்று. கணினி அதைத் தமிழென்று அறியாது. ஒருவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அகர வரிசைப்படுத்தினால் வராது. டிஸ்கியில் இகரம் 173-ம் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவ்விடமோ ஆங்கில முறையில் வரியிறுதியில் மாத்திரம் தோன்றும் மெல்லிய இணைகோட்டுக்கு உரியது. ஆதலின் சில நிரல்களில் இகரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. இராமசாமி என்று எழுதியவருக்கு ராமசாமி என்று தெரிந்தது. பின்னர் இகரத்துக்கு வேறோர் இடமும் கொடுக்க வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டுவது

இனிச் செய்ய வேண்டுவது யாது? பழைய நிரலையே கட்டிக்கொண்டு அழுவதா? அன்று. பழையது ஒழிந்ததே நன்று என்று தலைமுழுகுவதா? அதுவும் அன்று. ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக்கட்டியவர்கள் அறிவார்கள்: தாய்மரத்தின் முளையை எடுத்துப் புதிய நாற்றில் பொருத்துவது, பட்டை ஒட்டும் வரையில் கட்டி வைப்பதற்கே, ஒட்டியபின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். பழைய நிரலைப் புதிய கணினியில் ஓட்டுவதும் அத்தகைய கட்டே. ஒரு தடவை ஓட்டி, உள்ளிருக்கும் எழுத்தைப் பொதுக் குறியீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, அதை நம்பியே வாழ வேண்டியதில்லை.

வழியும் கடினமன்று. நெகிழ்வட்டைச் செருகுமுன் அதன் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் எழுதப்படாது. பின்னர் வட்டு முழுவதற்கும் ஒரு நகல் எடுத்தல் வேண்டும்; வேண்டிய கோப்பை மாத்திரம் எடுத்து எழுத்துருவையும் நிரலையும் விட்டுவருவது, பூட்டை எடுத்துச் சாவியை விட்டுவருவதாகும். டாஸ் காலத்து நிரலானால் 2002-ம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் என்னும் மாதிரிப்பொறியில் ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் காலத்ததானால், நிரலின் பண்புகளிலுள்ள ஒத்திசைவு என்னும் பகுதியில் பழைய இயக்குதளத்தின் பெயரைத் தெரிந்தெடுத்து முதலில் முயலலாம். ஓடாவிடின் மெய்நிகர்க் கணினி ஒன்றில், தம் நிறுவனம் விலைகொடுத்து வாங்கியிருந்த பழைய விண்டோஸை ஏற்றி ஓட்டலாம். அந்த மெய்நிகர்க் கணினிக்கு இணையத் தொடர்பு கொடுத்தல் கூடாது. 2014-ம் ஆண்டு ஏப்ரலோடு பாதுகாப்பு நின்றுபோன எக்ஸ்பி, இணையத்தில் கதவில்லாத வீடு போன்றது.

நிரல் திறந்ததும் ஏட்டின் தோற்றம் கெடாதபடி ஒரு படப்பிரதி எடுத்துவைத்து, எழுத்தை மாற்றி நிரல் கொண்டு யூனிகோடாக்க வேண்டும். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவார் வெளியிட்ட என்.எச்.எம். மாற்றி போன்றவை பல பழைய குறியீடுகளை அறிந்தவை. இங்கே அச்சுக்கோப்பாளருடைய அனுபவம் துணை செய்யும். அவர் கொ என்னும் எழுத்தைக் கோக்கும்போது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று எடுத்து வைப்பார். பழைய குறியீடுகளும் அப்படியே கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. யூனிகோடோ ஒலிக்கும் வரிசையில் ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைப்பது. மாற்றி நிரல் இவ்வரிசையைத் திருப்புகிறது. ஆனால் ஔகாரத்தின் சிறகும் ளகரமும் ஒரே வடிவமாதலின், கௌரவம் என்பதிலுள்ள ஔகாரத்தை எகரமும் ளகரமுமாகப் பிரித்து எழுதிவிடுவதுண்டு. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. தேடும் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஆகையால் மாற்றியபின் ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்பு, படப்பிரதி, யூனிகோடு எழுத்து ஆகிய மூன்றையும் வேறு வேறு இடங்களில் வைத்தல் நலம்.

இவ்வளவு பாடு எதற்கு, இவை பெரிய இலக்கியமா என்று கேட்பவர்களும் உளர். அவர்களுக்கு ஆங்கில நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறோம். 1086-ம் ஆண்டில் அந்நாட்டரசன் எடுத்த நிலக்கணக்கு ஏடு இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900-வது ஆண்டு நினைவாக 1986-ல் பி.பி.சி. நிறுவனத்தார் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊரூராகச் செய்தி திரட்டி, அக்காலத்து மிகப் புதிய ஒளிவட்டில் பதிந்தனர். இருபது ஆண்டு ஆகுமுன் அவ்வட்டைப் படிக்கும் கருவி அருகிப்போயிற்று. 2002-ல் ஆராய்ச்சியாளர்கள் அப்பழைய கணினிக்கு மாதிரிப்பொறி கட்டி அதைத் திறந்து காட்டினார்கள். அரசனுடைய தோலேடு ஒன்பது நூற்றாண்டு நின்றது. பிள்ளைகள் எழுதிய ஊர்க்கதையோ பதினாறு ஆண்டில் மீட்புக்குக் காத்து நின்றது. அங்கே அதை மீட்கப் பல்கலைக்கழகங்கள் முன்வந்தன. தோட்டப் பள்ளியின் மலரை மீட்க எவர் வருவார்? நாமே செய்துகொண்டாலன்றி வேறு கதியில்லை.

நம்மவரிடம் மற்றொரு வழக்கமும் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாத்திக் கற்பூரம் காட்டுகிறோம். பொட்டு வைத்ததனால் வட்டு அழியாமலிருப்பதில்லை. அந்தக் கற்பூரச் செலவில் ஒரு நெகிழ்வட்டுப் படிப்பானையும், அந்தப் பூசை நேரத்தில் பத்துக் கோப்புகளின் நகலையும் எடுத்துவிட்டால், சரஸ்வதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து இருக்கும்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறோம். இவ்வேலைக்கு வேண்டிய நிரல்கள் இன்னும் பத்தாண்டு கழித்தும் கிடைக்கலாம். வேண்டிய மனிதர் கிடைப்பது நிச்சயமில்லை. 1990-களில் தோட்டப் பள்ளி மலரைத் தட்டெழுதிய ஆசிரியரும், கோயில் கணக்கை ஏற்றிய இளைஞரும் இன்று முதுமையை எட்டிவிட்டனர். எந்த நிரலில் எழுதினோம், எந்த எழுத்துரு, வட்டு எந்தப் பெட்டியில் என்பது அவர்கள் நினைவில் மாத்திரமே இருக்கிறது. ஆதலின் போர்டிக்சன் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளின் முன்னாள் மாணவரும், சங்கத்து இளைஞரும் கணினியைத் தேடுமுன் அப்பெரியவர்களைத் தேடிச் செல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் மையால் எழுதி, அத்தாளை வட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை வருகிற பள்ளி விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம்.